மூணு செட், பத்து கவுண்ட்

கல்லாவியில் பஸ் நிற்கும் இடத்திலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி ஒரு தகர ஷெட் இருக்கிறது. மாங்காய் சீசனில் கிரேட் பெட்டி அடுக்கிக் கிடந்த இடம். இப்போது உள்ளே நாலு பெஞ்ச், ஆறு ராடு, துருப்பிடித்ததும் பிடிக்காததுமாக ஒரு குவியல் பிளேட், ஒரு பக்கச் சுவர் முழுக்கக் கண்ணாடி. மாலை ஏழுக்கு மேல்தான் களை கட்டும். போச்சம்பள்ளி, பர்கூர், ஓசூர் என்று வேலைக்குப் போன பையன்களைக் கம்பெனி பஸ் கொண்டுவந்து இறக்குகிற நேரம் அது. சிலர் ஐடி கார்டைக் கழுத்திலிருந்து கழற்றாமலேயே வந்து டம்பெல்லை எடுப்பார்கள். காற்றடித்தால் தகரக் கதவு படபடவென்று அடித்துக்கொள்ளும். அதனால் ஒரு சின்ன பிளேட்டைக் கதவுக்கு முட்டாகப் போட்டு வைத்திருக்கிறார் மாஸ்டர். ஒன்றேகால் கிலோ. அங்கே வருகிற பையன்கள் யாருக்கும் அது தேவைப்படுவதில்லை.

அந்த ஷெட்டுக்குள் போன வருடம் என் பெரியப்பா நுழைந்தார். வயது அறுபத்தெட்டு. முப்பது வருடம் கல்லுடைத்தவர். சம்மட்டி பிடித்துக் காய்த்துப்போன உள்ளங்கை. கல் வேலையை விட்டபின் சர்க்கரை வந்தது, கூடவே முழங்கால் வலி. தினமும் நடக்கத்தான் செய்கிறார். ஆனால் மாத்திரையை மாற்றி எழுதிய டாக்டர், "நடை மட்டும் போதாதுங்க, வாரத்துல ரெண்டு நாள் கொஞ்சம் வெயிட்டும் தூக்குங்க" என்று சொல்லிவிட்டார். பெரியப்பாவுக்கு ஒரே சிரிப்பு. "ஆயுசு பூரா கல்லோட மல்லுக்கட்டுனவன்கிட்ட வந்து வெயிட்டு தூக்கச் சொல்றாரு பாரு" என்று வீட்டில் எல்லோரிடமும் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

மாஸ்டர் அவர் கையில் கொடுத்தது இரண்டு கிலோ டம்பெல். பெரியப்பா அதை ஒரு வெண்டைக்காயைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

"மூணு செட்டுங்க பெரியவரே. செட்டுக்குப் பத்து கவுண்ட்."

"அதென்னா தம்பி பத்து? ஒம்போது தூக்குனா சக்கரை எறங்காதா?"

மாஸ்டர் தலையைச் சொறிந்தார். "எல்லா எடத்துலயும் அப்படித்தானுங்க" என்றார்.

எல்லா இடத்திலும் அப்படித்தான். சென்னை அண்ணா நகரில் ஏசி ஓடும் ஜிம்மிலும் அதே மூணு, அதே பத்து. ஆஸ்பத்திரி பிசியோதெரபி அறையில் ரப்பர் பட்டையை இழுக்கச் சொல்லும்போதும் அதேதான். வாய்ப்பாடு மாதிரி எல்லோர் வாயிலும் இருக்கும் இந்தக் கணக்குக்குப் பிறந்த ஊர் உண்டு, பெற்றவர் உண்டு, வருடமும் உண்டு.

ஆனால் அதற்கு முன்னாலேயே நம் ஊரில் கல் இருந்தது. தென்மாவட்டங்களில் ஊர் மந்தையில் இளவட்டக்கல் கிடக்கும். உருண்டையாக, பிடி கிடைக்காதபடி வழவழவென்று இருக்கும். குந்தி உட்கார்ந்து, இரண்டு கையாலும் அணைத்து, முழங்காலுக்கு ஏற்றி, அங்கிருந்து நெஞ்சுக்கு உருட்டி, தோளுக்குக் கொண்டுபோய்ப் பின்பக்கம் போட வேண்டும். தூக்கினவனுக்குப் பெண் கொடுப்பார்கள் என்பது ஊர்ப்பேச்சு. எங்கள் பக்கம் அந்த வழக்கம் அவ்வளவாக இல்லை. இங்கே இளவட்டங்களின் வீரமெல்லாம் எருது விடும் விழாவில். எங்கள் மண்ணில் கல் என்றால் நடுகல்; வீரனுக்கு அவன் செத்தபிறகு நட்டது. கிருஷ்ணகிரி அரசு அருங்காட்சியகத்தில் அவற்றைப் பார்க்கலாம், வில்லும் வாளுமாக ஆட்கள் நிற்பார்கள்.

இளவட்டக்கல்லில் ஒரு சங்கடம் உண்டு. அதற்குப் பாதி கிடையாது. தொண்ணூறு கிலோ கல் என்றால் தொண்ணூறு கிலோதான். தூக்கினாயா, இல்லையா என்று மட்டும்தான் அது கேட்கும். தூக்க முடியாதவனை எப்படித் தூக்க வைப்பது என்பது அதன் வேலையில்லை. அது பரீட்சை. சின்னதும் பெரியதுமாகப் பல கல் வைத்திருக்கும் ஊர்கள் உண்டு. ஒரு கல்லிலிருந்து அடுத்த கல்லுக்குப் போவதே அங்கும் பெரிய தாண்டல்தான். கர்லாக்கட்டையும் ஏறத்தாழ அப்படித்தான். நம் சிலம்பக் கூடங்களிலும் வடநாட்டு மல்யுத்த அகாடாக்களிலும் சுழன்ற அந்தக் கட்டையை வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பார்த்து, 19ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார்கள். அங்கே அதற்குப் பெயரே 'இந்தியன் கிளப்'. கட்டை சுழற்றுவது 1904, 1932 ஒலிம்பிக்குகளில் போட்டியாகவே இருந்தது. 1932ல் லாஸ் ஏஞ்சலஸில் தங்கம் வாங்கிய ஜார்ஜ் ராத் அப்போது வேலையில்லாதவர். பதக்கத்தைப் பையில் போட்டுக்கொண்டு, வழியில் போன வண்டிகளிடம் லிஃப்ட் கேட்டு வீடு போய்ச் சேர்ந்தார் என்பார்கள். கட்டை நம்முடையது, தங்கம் அவருடையது. சோறு இருவருக்கும் இல்லை.

பாதி எடையைச் சாத்தியமாக்கியது கழற்றி மாட்டுகிற பிளேட். ஆலன் கால்வெர்ட் என்பவர் 1902ல் அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவில் பார்பெல் செய்து விற்கும் கம்பெனி தொடங்கினார். அதற்கு அவர் வைத்த பெயர் மைலோ. பழைய கிரேக்கத்துக் குரோட்டன் நகர மல்லன் மைலோ தினமும் ஒரு கன்றுக்குட்டியைத் தோளில் தூக்கினானாம். கன்று வளர வளர அவன் பலமும் வளர்ந்து, கடைசியில் முழுக்காளையையே சுமந்தானாம். நாம் பாலில் கலந்து குடிக்கிற மைலோவுக்கும் அவன் பெயர்தான். கதை நிஜமோ பொய்யோ, அதில் ஒரு சூட்சுமம் ஒளிந்திருக்கிறது: கன்று ஒரே நாளில் காளையாவதில்லை. இரும்பில் அந்தக் கன்றை வார்த்ததுதான் பிளேட்.

எங்களுக்குப் பக்கத்தில் பெங்களூரில் கே.வி. ஐயர் என்றொருவர் இருந்தார். ஹெர்குலிஸ் ஜிம்னேசியம் என்று உடற்பயிற்சிக் கூடம் நடத்தினார். தபால் வழியிலேயே பாடம் அனுப்பினார். 1930ல் 'மசில் கல்ட்' என்ற புத்தகம் போட்டார். யோகாசனத்தையும் பார்பெல்லையும் ஒரே கூரையின்கீழ் வைத்தவர். அவர் படங்களைப் பார்த்தால் கிரேக்கச் சிலை நம்மூர் நிறத்தில் நிற்பது போலிருக்கும். உடம்பைச் செதுக்கினால் நோய் தீரும் என்று அந்தக் காலத்து உடற்பயிற்சி ஆசான்கள் பலர் நம்பினார்கள். ஆனால் நம்பிக்கை வேறு, அளந்து காட்டுவது வேறு. டாக்டர்கள் அந்தப் பக்கமே தலைவைக்கவில்லை. எடை தூக்கினால் இதயம் வீங்கும், தசை இறுகி உடம்பு கட்டிப்போகும், கை கால் வேகமாக அசையாது என்பதுதான் உலகமெங்கும் மருத்துவர்களின் பேச்சு. நம்மூரில் அதோடு, 'வளராமப் போயிருவே' என்பதும் சேர்ந்துகொண்டது.

இனி பத்துக்கு வருவோம்.

தாமஸ் டிலோர்ம் 1917ல் அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் பிறந்தவர். பையனாக இருந்தபோது ருமாட்டிக் காய்ச்சல் வந்து மாதக்கணக்கில் படுக்கையில் கிடந்தார். அந்தக் காய்ச்சல் இதய வால்வைக் கடித்துவிட்டுப் போகக்கூடியது. உடம்பை அலட்டாதே என்பதுதான் அன்றைய வைத்தியம். பையன் படுக்கையில் புரட்டியது எடை தூக்கும் பத்திரிகைகளை. எழுந்ததும் கையில் கிடைத்த இரும்பையெல்லாம் சேர்த்துத் தானே எடை செய்து தூக்கத் தொடங்கினார். இதயம் நின்றுவிடவில்லை. ஆள் திடகாத்திரமானார், டாக்டருக்கும் படித்தார்.

இரண்டாம் உலகப்போர். சிகாகோவில் மிச்சிகன் ஏரிக்கரையில் இருந்த பெரிய ஓட்டல் ஒன்றை ராணுவம் எடுத்து ஆஸ்பத்திரியாக்கியிருந்தது. கார்டினர் ஜெனரல் ஹாஸ்பிடல் என்று பெயர். இளம் ராணுவ டாக்டராக டிலோர்ம் அங்கே வந்து சேர்ந்தபோது படுக்கையெல்லாம் முழங்கால்கள். பாராசூட்டில் குதித்து மூட்டு திருகினவர்கள், தொடையெலும்பு முறிந்து மாவுக்கட்டில் கிடந்தவர்கள். கட்டைப் பிரித்தால் தொடை குச்சியாக இருக்கும். அடிபட்ட கால் மாவுக்கட்டுக்குள் வாரக்கணக்கில் சும்மா கிடந்தால் தொடையின் முன்பக்கத் தசைதான் முதலில் கரையும். அதைத் தேற்ற அப்போது இருந்த முறை, மிக லேசான எடையை, கயிறு கப்பியில் மாட்டி, திரும்பத் திரும்ப நூற்றுக்கணக்கான தடவை ஆட்டுவது. மாதக்கணக்கில் ஆட்டியும் கால் தேறவில்லை. படுக்கைகளோ காலியாக வேண்டும். கப்பல் கப்பலாக ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள்.

டிலோர்ம் ஓர் இரும்புச் செருப்பை எடுத்தார். எடை தூக்குபவர்கள் காலில் கட்டிக்கொள்ளும் சாமான் அது. அடியில் ஒரு குட்டி ராடு, இரண்டு பக்கமும் பிளேட். நோயாளியை மேஜை விளிம்பில் கால் தொங்க உட்கார வைத்தார். செருப்பைக் கட்டினார். காலை நேராக நீட்டச் சொன்னார். அவ்வளவுதான். எவ்வளவு எடை? அந்த ஆளால் பத்துத் தடவை நீட்ட முடிய வேண்டும், பதினொன்றாவது வரவே கூடாது. அந்த எடையைத் தேடிப் பிடிப்பதுதான் முதல் நாள் வேலை. அதற்குப் பத்தின் உச்சம் என்று கணக்கு. வாரத்துக்கு ஒருமுறை அதை மறுபடி தேடுவார்கள். போன வாரப் பத்து இந்த வாரம் பதின்மூன்றாகப் போனால், பிளேட்டைக் கூட்டு.

பத்து ஏன் என்றால், ஒரே ஒரு முறை மட்டும் தூக்க முடிகிற உச்ச எடையையே ஆபரேஷன் ஆன காலில் தினமும் ஏற்ற முடியுமா? நூறு தடவை ஆட்டினால் மூச்சுத்தான் தேறும், பலம் தேறாது. குறைவாகத் தூக்கு, கனமாகத் தூக்கு என்றால் பலம். நிறையத் தூக்கு, லேசாகத் தூக்கு என்றால் தாக்குப்பிடிக்கும் சக்தி. ஒன்று மற்றதைத் தராது என்று டிலோர்ம் அடித்துச் சொன்னார். இரண்டுக்கும் நடுவே ஆபத்தில்லாமல் நிற்கிற ஒரு முழு எண், விரல் விட்டு எண்ணக்கூடியது. பெரியப்பாவின் கேள்விக்கு இதுதான் பதில். ஒன்பது தூக்கினாலும் சர்க்கரை இறங்கும். பத்து ஒரு வசதி.

1945 அக்டோபரில் எலும்பு மூட்டு அறுவை மருத்துவர்களின் பெரிய பத்திரிகையில் டிலோர்மின் கட்டுரை வந்தது. அதில் மூணு செட் இல்லை என்பதுதான் வேடிக்கை. ஏழிலிருந்து பத்து செட் வரை, ஆக மொத்தம் எழுபது, நூறு தடவை. கசக்கிப் பிழிந்திருக்கிறார். மூணு பிறந்தது 1948ல். ஆர்தர் வாட்கின்ஸ் என்ற டாக்டரோடு சேர்ந்து எழுதிய கட்டுரையில், அவ்வளவு தேவையில்லை, இருபது முப்பது போதும் என்று தாமே இறங்கிவந்தார். முதல் பத்து, பாதி எடையில். இரண்டாவது பத்து, முக்கால் எடையில். மூன்றாவது பத்து, முழு எடையில். முதல் இரண்டும் காலைச் சூடாக்க, கடைசி ஒன்று காலை வளர்க்க.

அதாவது ஒரிஜினல் சரக்கில் மூன்று செட்டும் ஒரே எடை அல்ல. அந்தப் பாதியும் முக்காலும் வழியில் எங்கேயோ உதிர்ந்து, மூணும் பத்தும் மட்டும் மிஞ்சி, கடல் தாண்டி, கல்லாவித் தகர ஷெட் வரை வந்து சேர்ந்திருக்கின்றன. பழமொழிக்கும் இதே கதிதான்; முதல் வரி மட்டும் ஊர் ஊராகச் சுற்றும், சொன்ன சந்தர்ப்பம் வீட்டிலேயே தங்கிவிடும்.

பெயரையும் அவர் மாற்றினார். முதலில் வைத்தது 'கனமான எதிர்ப்புப் பயிற்சி' என்பது போன்ற ஒன்று. கேட்டாலே நோயாளி எழுந்து ஓடுவான். 1948ல் அது 'படிப்படியாகக் கூட்டும் எதிர்ப்புப் பயிற்சி' ஆனது. என்னைக் கேட்டால் அவர் கண்டுபிடித்ததெல்லாம் அந்தப் 'படிப்படியாக' என்ற ஒரு சொல்தான். எடை ஆதிகாலம் முதல் இருந்தது, தூக்குவதும் இருந்தது. மருந்துக்கு இருப்பதுபோல அதற்கும் அளவு உண்டு, ஆளுக்கு ஆள் வேறு, வாரத்துக்கு வாரம் வேறு என்று எழுதிவைத்த முதல் டாக்டர்களில் அவர் ஒருவர். பரீட்சையாக இருந்த கல் அன்றுதான் பாடமாக மாறியது. அதே வருடம் போலியோவில் கால் தளர்ந்தவர்களுக்கும் இதே முறையைச் செய்துபார்த்து எழுதினார்.

எங்கள் ஊரிலிருந்து திருப்பத்தூர் வழியாகப் போனால் வேலூர். அங்கே சிஎம்சி ஆஸ்பத்திரியில் மேரி வர்கீஸ் என்ற டாக்டர் இருந்தார். 1954ல் ஒரு சாலை விபத்தில் முதுகுத்தண்டு அடிபட்டு இடுப்புக்குக் கீழே செயலிழந்தது. சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். பிறகு நியூயார்க் போய், மறுவாழ்வு மருத்துவத்தை ஒரு துறையாகவே வளர்த்த ஹோவர்ட் ரஸ்க்கிடம் படித்துத் திரும்பி, வேலூரில் அந்தத் துறையைக் கட்டியெழுப்பினார். உள்நோயாளிகளுக்கான மறுவாழ்வு மையம் 1966ல் திறந்தது. கால் போனவருக்குக் கட்டிலிலிருந்து நாற்காலிக்குத் தாவத் தோளும் கையும்தான் கால். அந்தத் தோளுக்கு எடை தூக்கித்தான் பலம் ஏற்ற வேண்டும். பயில்வானின் சாமான் ஆஸ்பத்திரிக்குள் வந்தது இப்படித்தான்: போரில் அடிபட்டவர், போலியோ வந்தவர், முதுகு முறிந்தவர் என்று பலமிழந்தவர்களின் வழியாக.

'தசை இறுகிப்போகும்' என்ற பயத்தையும் ஒருவர் அளந்து பார்த்தார். ஸ்பிரிங்ஃபீல்ட் கல்லூரியில் பீட்டர் கார்ப்போவிச் என்ற பேராசிரியர். முதலில் அவரும் அந்தப் பயத்தை நம்பியவர்தான். 1951ல் தம் மாணவர் ஸோர்பாஸோடு சேர்ந்து, எடை தூக்குபவர்கள் 300 பேரையும் தூக்காதவர்கள் 300 பேரையும் ஒரு கைப்பிடியைச் சுழற்ற வைத்து நேரம் பார்த்தார். தூக்கியவர்கள் கைதான் வேகம்.

அதன்பிறகும் எடை தூக்குவது ஏன் டாக்டர் சீட்டில் ஏறவில்லை என்றால், 1968ல் கென்னத் கூப்பரின் 'ஏரோபிக்ஸ்' புத்தகம் வந்து உலகமே ஓடத் தொடங்கிவிட்டது. இதயத்துக்கு ஓட்டம், நடை. இரும்பெல்லாம் கண்ணாடி முன் நிற்பவனுக்கு என்று பேர் விழுந்தது. அமெரிக்க விளையாட்டு மருத்துவக் கல்லூரி 1978ல் ஆரோக்கியத்துக்கான உடற்பயிற்சி அளவை வெளியிட்டபோது அதில் எடை தூக்குவதே இல்லை, 1990ல்தான் சேர்த்தார்கள். நம் ஊர் டாக்டர்கள் வாயில் 'வாக்கிங் போங்க' மட்டும் தங்கிப்போனதற்கு இந்த இடைவெளியும் ஒரு காரணம்.

அதே 1990ல் பாஸ்டனில் ஒரு முதியோர் மறுவாழ்வு இல்லத்தில் மரியா ஃபியாடரோன் என்ற டாக்டர் செய்தது துணிச்சலான காரியம். சராசரி வயது 90. பத்துப் பேர். தடி ஊன்றுகிறவர்கள், நாற்காலியிலிருந்து எழுவதற்கே கை ஊன்றுகிறவர்கள். அவர்களை உட்கார வைத்து, காலை நீட்டி எடை தூக்கச் சொன்னார். டிலோர்மின் அதே முழங்கால் அசைவு. எடையும் சும்மா பேருக்கு அல்ல, அவரவர் உச்சத்தில் எண்பது சதவீதம் வரை. எட்டு வாரம். கால் பலம் சராசரியாக 174 சதவீதம் கூடியது. இரண்டு பேர் தடியைக் கீழே வைத்துவிட்டு நடந்தார்கள். தொண்ணூறு வயதுத் தசைக்குக்கூடக் காது கேட்கிறது.

இனி சர்க்கரை. புனேயின் டாக்டர் யாக்னிக் 2004ல் 'லான்செட்' மருத்துவ இதழில் ஒரு போட்டோவோடு சின்னக் கட்டுரை எழுதினார். பக்கத்தில் நிற்பவர் இங்கிலாந்தின் டாக்டர் யூட்கின். இருவருக்கும் உயரத்துக்கு ஏற்ற எடைக் கணக்கு, அதான் பிஎம்ஐ, ஒரே 22.3. ஆனால் உடம்புக் கொழுப்பு யூட்கினுக்கு 9.1 சதவீதம், யாக்னிக்குக்கு 21.2. பார்க்க ஒல்லி, உள்ளே கொழுப்பு, தசை கம்மி. நம் ஆட்களின் உடம்பு இது. சாப்பிட்ட பிறகு ரத்தத்தில் ஏறும் சர்க்கரையில் பெரும்பங்கை இன்சுலின் கொண்டுபோய் இறக்குகிற குடோன் தசைதான். குடோன் சின்னது என்றால் மூட்டை வாசலிலேயே கிடக்கும். தசை வேலை செய்து சுருங்கும்போது இன்னொரு விசேஷம்: இன்சுலின் வந்து கதவைத் தட்டாமலேயே சர்க்கரையை உள்ளே இழுத்துக்கொள்கிறது.

டெல்லியில் டாக்டர் அனூப் மிஸ்ராவின் குழு இதை நம்மவர்களிடமே செய்துபார்த்தது. சர்க்கரை நோயாளிகள் 30 பேர், 12 வாரம், மேற்பார்வையோடு எடைப் பயிற்சி. 2008ல் வெளியான அந்த ஆய்வின் தலைப்பிலேயே டிலோர்மின் 'படிப்படியாக' இருக்கிறது. மூன்று மாதச் சராசரியான ஹெச்பிஏ1சி ஏறத்தாழ அரை சதவீதப் புள்ளி இறங்கியது, இன்சுலின் முன்னைவிட நன்றாக வேலை செய்தது. சின்ன ஆய்வுதான், அதை வைத்து ஊருக்கே முரசறைய முடியாது. ஆனால் அரைப் புள்ளி என்பது சிலருக்கு ஒரு மாத்திரையின் வேலை.

பெங்களூர் செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரி பங்கெடுத்த உலக ஆய்வு ஒன்று உண்டு, 'ப்யூர்' என்று பெயர். 17 நாடுகளில் 1,39,691 பேரை ஒரு கருவியை இறுக்கிப் பிடிக்கச் சொல்லி அளந்தார்கள். நாலு வருடம் கழித்துப் பார்த்தால், பிடியில் ஐந்து கிலோ குறைந்தால் சாவு அபாயம் 16 சதவீதம் கூடுதல். ரத்த அழுத்த அளவைவிடக் கைப்பிடி நன்றாக ஆயுசு சொன்னது. 2015ல் இது வெளிவந்தது. படித்ததும் கடையில் பிடி ஸ்பிரிங் வாங்கத் தோன்றலாம். அது விறகு வெட்டாமல் புகையை மட்டும் ஊதுகிற வேலை. பிடி உடம்பு முழுவதன் பலத்துக்கு ஒரு அடையாளம், அவ்வளவுதான்.

அதிகம் தூக்கினால் அதிக நன்மை என்றும் இல்லை. ஜப்பானியர்கள் 2022ல் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில், வாரத்துக்கு முப்பதிலிருந்து அறுபது நிமிடம் தசைப் பயிற்சி செய்கிறவர்களிடம்தான் சாவு, இதய நோய் எல்லாம் குறைவாகத் தெரிந்தன. தூக்கியதால்தான் குறைந்தது என்று இந்த மாதிரிக் கணக்கு அடித்துச் சொல்லாது. திடமாக இருப்பவன்தான் தூக்க வருகிறானோ என்னவோ. உலக சுகாதார நிறுவனம் சொல்வதும் வாரத்தில் குறைந்தது இரண்டு நாள் என்றுதான். புரோட்டீன் பவுடர் டப்பாவைத் தூக்கிக்கொண்டு தினமும் இரண்டு வேளை வரும் எங்கள் பையன்களிடம் இதைச் சொன்னால், 'பழைய ஆளுண்ணா நீங்க' என்கிறார்கள்.

ஆபத்து ஒன்றை மாஸ்டரே முதல் நாள் கண்டுபிடித்தார். பெரியப்பா கல்லுடைத்த பழக்கத்தில் மூச்சைக் கட்டிக்கொண்டு தூக்கினார். 1985ல் கனடாவில் மக்டூகல் என்பவரின் குழு, பாடிபில்டர்கள் ஐந்து பேரின் தமனியிலேயே கருவியைச் செருகி, இரண்டு காலால் எடை தள்ளும்போது ரத்த அழுத்தத்தை அளந்தது. சராசரி 320க்கு 250. ஒருவருக்கு 480க்கு 350ஐத் தாண்டியது. சில விநாடிதான், எடையை இறக்கியதும் சட்டென்று இறங்கிவிடும். மூச்சை அடக்கி முக்குவது அதில் பெரிய பங்கு. பிரஷர் இருக்கிறவர் மெதுவாகத் தொடங்கி, தூக்கும்போது ஊதிவிட வேண்டும். "மூச்ச விடுங்க பெரியவரே, யாரும் புடுங்கிக்க மாட்டாங்க" என்று மாஸ்டர் பக்கத்திலேயே நின்றார்.

மூணு, பத்து என்பதற்கும் சாமிகுத்தம் எதுவும் கிடையாது. 1962ல் ரிச்சர்ட் பெர்கர் என்பவர் செட்டையும் கவுண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்ததில் மூணு செட், ஆறு கவுண்டுக்குத்தான் பலம் அதிகம் ஏறியது. லேசான எடையையே கை சோர்ந்துபோகும்வரை தூக்கினாலும் தசை வளர்கிறது என்று பிற்பாடு வந்த ஆய்வுகள் காட்டின. எதை மாற்றினாலும் மாறாதது ஒன்றுதான்: போன வாரம் சுலபமாக இருந்தது இந்த வாரம் போதாது.

பெரியப்பாவுக்கு இதைச் சொல்லிப் புரிய வைக்க நான் சிகாகோ, பாஸ்டன் என்று இழுத்ததை அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு சொன்னார்: "கல்லு ஒடைக்கறப்ப அடி ஒண்ணுதான்டா. கல்லு பொளக்கற வரைக்கும் அடி. கல்லுக்கு அளவு இருந்துச்சு, எனக்கு யாரு அளவு வச்சா?" முப்பது வருடத்தில் ஒரு நாளும் அவருடைய வேலை அவர் பலத்துக்கு ஏற்றபடி கூடவும் இல்லை, குறையவும் இல்லை. காய்ச்சலோடும் அதே சம்மட்டிதான். உழைத்த உடம்புக்கு எதற்குப் பயிற்சி என்று கேட்பவர்களுக்கு நான் சொல்லத் திணறிக்கொண்டிருந்ததை அவர் இரண்டு வரியில் முடித்துவிட்டார்.

இப்போது அவரிடம் ஒரு நாற்பது பக்க நோட்டு இருக்கிறது. பேத்தி பள்ளிக்கூடத்தில் எழுதி மிச்சம் வைத்தது. முன்பாதியில் மூன்றாம் வகுப்புக் கணக்கு, பின்பாதியில் பெரியப்பாவின் கணக்கு. செவ்வாய், வெள்ளி. நாற்காலியில் உட்கார்ந்து எழுவது பத்து, மூணு தடவை. டம்பெல் இரண்டு கிலோவில் தொடங்கி, மூன்று, நாலு, ஐந்து. மூன்றாவது மாதத்திலிருந்து ராடு. எழுத்து கோணல்மாணலாக, ஆனால் ஒரு வாரம் விடாமல். சர்க்கரை அளவையும் பக்கத்திலேயே எழுதுகிறார்; அது ஏறியும் இறங்கியும்தான் இருக்கிறது. முழங்கால் வலிக்கு மட்டும் எதுவும் எழுதவில்லை. பஸ் படிக்கட்டில் இப்போதெல்லாம் கம்பியைப் பிடித்துத் தொங்காமல் ஏறுகிறார், அதை நான்தான் கவனித்தேன்.

போன வெள்ளிக்கிழமை ராடோடு இரண்டு பக்கமும் ஐந்து ஐந்து கிலோ போட்டுப் பத்து முடித்தார். பதினொன்று, பன்னிரண்டும் தூக்கினார். கீழே வைத்துவிட்டு மாஸ்டரைப் பார்த்தார்.

"தம்பி, கூட்டலாமா?"

"அடுத்து ரெண்டரைதான் இருக்குங்க. ரெண்டு பக்கமும் சேந்தா அஞ்சு ஏறிரும். அதுக்கும் கம்மியா…" மாஸ்டர் பிளேட் குவியலைக் கிளறினார். பையன்கள் ஆளுக்கொரு மூலையில் தேடினார்கள். ஒன்று பெஞ்சுக்கு அடியில் சிலந்தி வலையோடு கிடைத்தது. ஜோடி காணவில்லை.

பெரியப்பா எழுந்து போய்க் கதவடியில் குனிந்தார். காலால் ஒரு செங்கல்லை இழுத்து முட்டுக் கொடுத்துவிட்டு, அந்த ஒன்றேகால் கிலோவை வேட்டி நுனியில் துடைத்துக்கொண்டு வந்து ராடில் மாட்டினார்.